400-ம் எண் பூனை: 11 வருஷம் கழிச்சு வாய் திறந்த டாக்டர்... யார் இந்த ஹொசொகாவா?

ஜப்பானின் மினமாட்டாவில் முதலில் பூனைகள் ஆடுவது போலத் துடித்துச் செத்தன. பிறகு, அதே கடல் மீனைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கும் கை, கால் இழுத்தது. 1956 மே 1-ல் இதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தவர் ஹாஜிமே ஹொசொகாவா. சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனை இயக்குநர்!

அவருக்குச் சந்தேகம் தன் ஆலை மேலேயே. கழிவுநீரை உணவில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400-ம் எண் பூனைக்கு அதே வலிப்பு. நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொல்லிடுச்சு. அவரும் வெளியில் சொல்லல. சம்பளம் கொடுக்கிற இடம், சரி... ஆனா பாதரசக் கழிவு 1968 வரை கடலுக்குப் போனதே!

1970-ல் புற்றுநோயோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே, நோயாளிகள் தொடுத்த வழக்கில் பூனை விஷயத்தைச் சாட்சியமாகச் சொன்னார். அதே ஆண்டு இறந்தார். 1973-ல் நோயாளிகள் வழக்கில் ஜெயித்தார்கள்.