கரியை ஆராய்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளின்



எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குக் கொட்டாங்குச்சிக் கரிதான் போடுவோம். கையெல்லாம் கருப்பாகும் அந்தக் கரியில் படிக்க என்ன இருக்கப் போவுதுன்னு நினைச்சிருந்தேன். ஆனால் ஒரு பெண் விஞ்ஞானி கரியையே பல வருடம் ஆராய்ச்சி செய்திருக்கிறார். அவர்தான் ரோசலிண்ட் பிராங்க்ளின்.

அவர் 1920 ஜூலை 25 அன்று லண்டனில் பிறந்தார். 1938-ல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து 1941-ல் படிப்பை முடித்தார். அப்போது அங்கே பெண்கள் பரீட்சையில் பாஸானாலும் ஆண்களுக்குத் தருவது போல முழுப் பட்டம் தர மாட்டார்கள். 1948-ல்தான் அது மாறியது. இதைப் படிச்சப்போ எனக்குக் கோபமா வந்துச்சு.

அது இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1942-ல் அவர் நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நிலக்கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சிறிய ஹீலியம் வாயு அதற்குள் நுழைந்துவிடும், பெரிய மூலக்கூறுகள் நுழையாது. இதை வைத்தே துளைகளைப் பற்றி ஆராய்ந்தார். 1945-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1947-ல் பாரிஸ் போய், எக்ஸ்ரே கதிரை வைத்துப் பொருளின் உள் அமைப்பை அறியும் முறையைக் கற்றார். பலவிதக் கரிகளை 3000 டிகிரி வரைக்கும் சூடாக்கிப் பார்த்தார். கரியில் இரண்டு வகை உண்டு என்று 1951-ல் எழுதினார். ஒரு வகை, சூடேறினால் நோட்டுத் தாள்களை அடுக்கிய மாதிரி ஒழுங்காகி, பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டாக மாறும். இன்னொரு வகை எவ்வளவு சூடாக்கினாலும் கசக்கிய காகிதம் மாதிரி கடினமாகவே இருக்கும். பி.வி.சி. பிளாஸ்டிக்கைக் கருக்கினால் முதல் வகை. பி.வி.டி.சி. என்ற பிளாஸ்டிக்கைக் கருக்கினால் இரண்டாவது வகை. பேரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம்!

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். செல்போன் பேட்டரிக்குள் கிராஃபைட் இருக்கு. சார்ஜ் போடும்போது லித்தியம் அதன் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காரும். சோடியம் அங்கே சரியாக நுழையாது. அதனால் சோடியம் பேட்டரிக்கு அந்தக் கடினக் கரியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைக் கொட்டாங்குச்சியில் இருந்தும் செய்யலாமாம்! இப்போது விஞ்ஞானிகள் இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்தை மெல்லிசாகப் பூசி, சூடாக்கி, கார்பன் உள்ள வாயுவைச் செலுத்துகிறார்கள். அதன்மேல் முடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழாய்கள் நாற்று மாதிரி முளைக்கின்றன. அவற்றையும் பேட்டரிக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் பயன்படுத்தப் பார்க்கிறார்கள்.

1951-ல் அவர் லண்டனுக்குத் திரும்பி டி.என்.ஏ.வை ஆராய்ந்தார். 1952-ல் அவருடைய ஆய்வில் எடுத்த எக்ஸ்ரே படத்தை, அவருக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டிவிட்டார்கள். டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடிக்க அது உதவியது. 1956-ல் அவருக்குப் புற்றுநோய் வந்தது. அப்போதும் வேலையை விடவில்லை. 1958 ஏப்ரல் 16 அன்று 37 வயதிலேயே இறந்துபோனார். 1962-ல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு தருவதில்லை.

எனக்குப் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுக்க ஆசை. அதுக்கு டவுனுக்குப் பஸ்ல போகணும். பாட்டி வேண்டாம்னு சொல்றாங்க. இந்தக் கட்டுரையை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்தப் பொண்ணை அவங்க வீட்டுல படிக்க விட்டாங்களான்னு மட்டும் கேட்டாங்க. விட்டாங்கன்னு சொன்னேன். பாட்டி அப்புறம் ஒண்ணும் சொல்லலை.



ஒன்பதாம் வகுப்பு மாணவி