எலெக்ட்ரான் ஜோடிகளும் ரெண்டு நோபல் நாயகனும்!

1956 நவம்பர் 1. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒருத்தர் காலை டிபனுக்கு முட்டைப் பொரியல் செஞ்சுட்டு இருக்கார். ரேடியோவில் நியூஸ் ஓடுது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு நோபல் பரிசு. அதுல இவர் பேரும் இருக்கு. கையில் இருந்த வாணலி முட்டையோடு தரையில விழுந்துடுச்சு!

அவர்தான் ஜான் பார்டீன். நீங்க இதைப் படிக்கிற போனுக்குள்ள நூற்றுக்கணக்கான கோடி எண்ணிக்கையில் இருக்கிறது, அவர் 1947-ல் சகாக்களோடு உருவாக்கிய அந்த டிரான்சிஸ்டரின் வாரிசுகள்தான்.

ஆனா, அப்போ அவர் மனசெல்லாம் வேற புதிர்ல. பாஸ் ஷாக்லியோட ஒத்துப்போகாம 1951-லேயே பெல் ஆய்வகத்தை விட்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்துட்டார். பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வெச்சா மின்தடை மொத்தமா காணாமப்போகுதுன்னு 1911-லேயே தெரியும். ஏன்னுதான் தெரியலை. ஐன்ஸ்டீன், ஃபெய்ன்மேன் எல்லாம் மோதிப் பார்த்து விட்ட கேள்வி அது.

எலெக்ட்ரான்கள் ஒண்ணையொண்ணு தள்ளிவிடுற ரகம். ஆனா உலோகத்துக்குள்ள ஒரு எலெக்ட்ரான் ஓடும்போது சுத்தியிருக்கிற அணுக்களை லேசா தன் பக்கம் இழுக்குது. அந்த இழுப்பில் இன்னொரு எலெக்ட்ரான் மாட்டி, ரெண்டும் ஜோடி ஆகலாம்னு கண்டுபிடிச்சார் பார்டீனின் இளம் சகா கூப்பர். சரி, கோடானுகோடி ஜோடிகள் எப்படிச் சேர்ந்தே நடக்குது? அங்கதான் கணக்கு சிக்கிக்கிச்சு. வெறுத்துப்போன 25 வயசு ஆராய்ச்சி மாணவர் ஷ்ரீஃபர், தலைப்பையே மாத்திடலாம்னு இருந்தார். நோபல் வாங்கக் கிளம்பிய பார்டீன், இன்னும் ஒரே ஒரு மாசம் முயற்சி பண்ணிப் பாருன்னு கேட்டுக்கிட்டார். 1957 தொடக்கத்தில், நியூயார்க் சப்வே ரயில்ல போறப்போ ஷ்ரீஃபருக்கு விடை பொறி தட்டிடுச்சு!

1972-ல் மூணு பேருக்கும் நோபல். இயற்பியல்ல ரெண்டு முறை வாங்கினவர் இன்னிக்கு வரைக்கும் பார்டீன் மட்டும்தான். முதல் தடவை மூணு பிள்ளைகளில் ஒருத்தரை மட்டும் கூட்டிப்போனதுக்கு ஸ்வீடன் ராஜா செல்லமா கோவிச்சுக்க, அடுத்த முறை எல்லாரையும் அழைச்சுட்டு வரேன்னு சொல்லியிருந்தார். சொன்ன மாதிரியே செஞ்சார்!

இந்த ஜோடிக்கு ஒரு வில்லன் உண்டு. காந்தம். ஜோடியில் ரெண்டு எலெக்ட்ரானும் எதிரெதிரா சுழலணும். காந்தமோ ரெண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். 1977-ல் எர்பியம், ரோடியம், போரான் சேர்ந்த ஒரு பொருளைக் குளிர வெச்சாங்க. மைனஸ் 264 டிகிரி கிட்ட சூப்பர் கண்டக்டர் ஆச்சு. இன்னும் குளிர வெச்சா, மைனஸ் 272 கிட்ட காந்தமா மாறி, போன மின்தடை திரும்பி வந்துடுச்சு!

1991-ல், 82 வயசுல பார்டீன் இறந்துபோனார். 2008-ல் ஜப்பானில், காந்தத்துக்கே பேர்போன இரும்பு கலந்த ஒரு பொருள், மைனஸ் 247 டிகிரியிலேயே சூப்பர் கண்டக்டர் ஆகிக் காட்டுச்சு. அங்கே எலெக்ட்ரான்களை ஜோடி சேர்க்கிற தரகரே காந்த அதிர்வுகள்தான்னு பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. வில்லனே கல்யாணத் தரகர்! அதைப் பார்க்கத்தான் பார்டீன் இல்லை.