சிங்காரவேலர் ஏற்றிய கொடி

சென்னையில் மீனவக் குடும்பத்தில் 1860-இல் பிறந்த ம.சிங்காரவேலர், ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் 1921 போராட்டத்தில் துணைநின்றார். 1923 மே 1 அன்று உயர் நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணியிலும் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1928 ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக முதுமையிலும் சிறை சென்றார், 1946-இல் மறைந்தார்.

ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலக மாளிகை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்த முதல் மே நாளின் நூற்றாண்டு நாளிலேயே, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் சங்கமின்றி உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?