நடு இரவில் ஒரு வீணை

தஞ்சை என்றவுடன் நெல் நினைவிற்கு வரும். அடுத்து வீணை நினைவிற்கு வரும். பூதலூரில் இரயிலேறித் தஞ்சைக்கு வரும் நம் தோழர்கள், பலாமரம் இங்கே வீணையாக மாறும் விந்தையை அறிவார்கள். அவ்வீணையால் உலகப் புகழ் பெற்ற ஒருவர், தமிழ்த் திரையில் அச்சத்தையும் ஒரு கலையாக்கிக் காட்டினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் வீணை எஸ். பாலசந்தர்.

1927ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் தந்தை சுந்தரம் ஐயரும் தமையனார் ராஜமும் நடித்தனர். சிறுவன் பாலசந்தரும் கஞ்சிராவுடன் தோன்றினார். வீணையை எந்த ஆசானிடமும் அவர் முறையாகக் கற்கவில்லை. தாமே பயின்று தமக்கென ஒரு பாணியை அமைத்துக்கொண்டார்.

திரையிலும் அவர் பிறர் சென்ற தடத்தில் செல்லவில்லை. பாட்டின்றிப் படமில்லை என்றிருந்த காலத்தில், 1954இல், பாட்டும் நடனமும் அறவே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கினார். 1964இல் வந்த 'பொம்மை'யில், குழந்தை விளையாடும் பொம்மைக்குள் வெடிகுண்டை வைத்துக் காண்போரைப் பதறச் செய்தார்.

பின்னர் அவரே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்த படம் 'நடு இரவில்'. நீர் சூழ்ந்த ஒரு தனி மாளிகை. செல்வர் ஒருவரைக் காண வந்து கூடிய உறவினர்கள். இரவில் ஒருவர்பின் ஒருவராக நிகழும் கொலைகள். இவ்வளவே கதை. அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவலொன்றின் சாயல் இதில் உண்டு. பெரும் பொருட்செலவோ வண்ணமோ இல்லை. கறுப்பு வெள்ளை நிழலும், இசையும், இசை நின்ற பின் வரும் மௌனமும் போதும் என்று அவர் நம்பினார். ஓசையை நன்கு அறிந்தவருக்கன்றோ மௌனத்தின் வலிமை தெரியும்!

ஆனால் படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. 1965இல் முடிந்த படம் 1970இல்தான் திரையைக் கண்டது. அதுவே அவர் இயக்கிய கடைசிப் படமாயிற்று. அதன்பின் வீணையே அவர் வாழ்வாயிற்று. 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாக்கினார். 1982இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

திரையுலகின் இழப்பு இசையுலகின் பேறு என்று எளிதாகக் கூறிவிடலாம். எனினும் அவர் எடுக்காமல் விட்ட படங்களை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. வாங்க ஆளின்றிக் கிடந்த அப்படத்தை இன்றைய இளைஞரும் தேடிப் பார்த்து, கொலையாளி யாரென்று சொல்லிவிடாதே என நண்பரைத் தடுக்கிறார்கள். சந்தை மறுத்ததைக் காலம் ஏற்றுக்கொண்டது.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பிலாய் நகரில் அவர் மறைந்தார். 36 ஆண்டுகளுக்கு முன் 'அந்த நாள்' வெளியானதும் அதே நாளில்தான். தோழர்களே, நம் முயற்சியை இன்று ஏற்பாரில்லை என்று சோரும்போது, அந்த நாளை நினைவில் கொள்வோம்.