அஞ்சிய குழந்தைக்கு ஓர் அடைக்கலம்

பரீட்சை நாளன்று காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை நாம் கண்டிருக்கிறோம். எங்கள் இலத்தூரிலும் அத்தகைய பிள்ளைக்கு முதலில் கிடைப்பது ஓமத்தண்ணீர். அடுத்துக் கிடைப்பது, பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்ற ஏச்சு. ஆனால் வலி மெய்யானது. உள்ளத்தின் அச்சம் உடலின் வலியாக வெளிப்படுகிறது. குழந்தையின் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே துணைநின்ற பெருமாட்டி ஒருவரை இவ்வேளையில் நினைவுகூர்வோம்.

அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். பருவமெய்தியதும் பள்ளிப்படிப்பு நின்றது. வீட்டிலிருந்தே கற்று மெட்ரிகுலேஷன் தேறினார். ஆடவர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னரின் ஆணையே கதவைத் திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார்.

1926இல் சென்னைச் சட்டசபையில் நுழைந்தார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அங்கே வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்கவும் பாடுபட்டார்.

அம்மரபிலிருந்து தப்பி வந்த சிறுமியர்க்கு விடுதிகள் இடம் தர மறுத்தன. அவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார் முத்துலட்சுமி. 1930இல் ஔவை இல்லம் இவ்வாறுதான் பிறந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை தரலாம். போக்கிடமற்ற பயத்திற்கு எந்த மாத்திரை தருவது? உறங்க ஓர் இடம், உண்ண உணவு, படிக்கப் புத்தகம், பரிவோடு பேச ஒருவர் ஆகியவையே அதற்கு மருந்து.

1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்த அப்பெருமாட்டி, 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார்.

இன்று அரசு மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இலவச மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. ஆயினும் பேருந்துக்கூலியும் ஒருநாள் கூலியும் கணக்குப் பார்க்கும் தாய்க்குத் தென்காசி மருத்துவமனையும் தொலைதூரமே. வயிற்றுவலிக்கு மருத்துவரிடம் போவோர், மனக்கலக்கத்திற்குப் போகக் கூசுவதும் உண்டு.

தோழர்களே! நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆகவிருப்பவர் நாம். அழும் பிள்ளையை அதட்டுமுன், எங்கே வலிக்கிறது என்பதோடு, எதற்குப் பயப்படுகிறாய் என்றும் கேட்போம். அன்னை முத்துலட்சுமிக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.