காணா நோயைக் கண்ட அறிஞர்

விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமியாகும். மழையை நம்பி உழவர் அங்கே உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கின்றனர். மழை பொய்க்காத ஆண்டிலும் மஞ்சள் தேமல் நோய் தோன்றினால் அவர்தம் உழைப்பு வீணாகும். இலைகள் பசுமை இழந்து உணவு ஆக்கும் ஆற்றல் குன்றும். காய்கள் சிறுத்துப் போகும். வெள்ளை ஈயால் பரவும் இந்நோய்க்குக் காரணம் வைரஸ் எனப்படும் நச்சுயிரி. பாக்டீரியாவினின்றும் வேறான இத்தகைய நோய்க்காரணி உண்டு என்று உணர்த்திய அறிஞர் மார்ட்டினஸ் பையரிங்க் ஆவார்.

அவர் 1851ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் புகையிலை வணிகர். வணிகம் நொடித்தமையால் குடும்பம் வறுமையுற்றது. எனினும் பையரிங்க் கல்வியைக் கைவிட்டாரல்லர். 1877இல் டாக்டர் பட்டம் பெற்றார்; வாகனிங்கன் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். அங்கே அடால்ஃப் மேயர் என்பவர் புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்து வந்தார். நோயுற்ற இலையின் சாறு நல்ல செடியையும் நோயுறச் செய்வதை அவர் காட்டினார். அந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பையரிங்க் 1887இல் தேடினார்; ஒன்றும் அகப்படவில்லை. மறு ஆண்டில் அவர் பயறு இனச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துப் புகழ் பெற்றார். ஆயினும் பழைய தோல்வியை மறந்தாரில்லை.

டெல்ஃப்ட் நகரில் பேராசிரியராகிய பின் அவ்வாராய்ச்சியை மீண்டும் தொடங்கினார். பாக்டீரியா புக இயலாத பீங்கான் வடிகட்டியில் சாற்றை வடித்தார். வடிந்த தெளிந்த சாறும் நோயை உண்டாக்கிற்று. அச்செடியின் சாறு வேறொரு செடியையும், அதன் சாறு மற்றொன்றையும் தாக்கியது. வெறும் நஞ்சாயின் படிப்படியாக வலிமை குறைந்திருக்கும்; ஆகவே அது பெருகுகின்றது என்று தெளிந்தார். வளரும் உயிருள்ள திசுக்களிலேயே அது பெருகுவதையும் கண்டார். இம்முடிவுகளை 1898இல் வெளியிட்டார். உருசிய நாட்டு இவனோவ்ஸ்கி 1892இலேயே வடிகட்டிச் சோதித்ததை அறிந்தபோது, அவருக்குரிய முதன்மையைத் தயங்காது ஒப்புக்கொண்டார்.

அறிஞர் பலர் அவர் கருத்தை உடனே ஏற்கவில்லை. அவர் 1931இல் மறைந்தார். நச்சுயிரியை அவர் நீர்மம் என்று எண்ணியது பிழை. அது நுண்துகள் என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1935இல் ஸ்டான்லி என்னும் அமெரிக்க அறிஞர் அதனைப் படிகமாக்கினார். செடியின் உயிரணுக்களை நுண்ணிய வழிகள் இணைக்கின்றன. நச்சுயிரி தனக்குரிய புரதத்தால் அவ்வழிகளைப் பயன்படுத்தி அணு விட்டு அணு செல்கின்றது. உணவு செல்லும் குழாய்களை அடைந்து தளிர் வரை பரவுகின்றது. இவ்வுண்மைகள் பின்வந்தோர் கண்டவை.

நோயின் காரணம் அறிந்தமையாலன்றோ எதிர்ப்பாற்றல் மிக்க விதைகளைத் தேர்ந்து கரிசல் உழவர்க்கு வழங்க இயல்கின்றது! தோல்வியுற்ற வினாவை மீண்டும் எழுப்பிய ஒருவரின் உறுதியே அதற்கு வித்தாயிற்று.