குதிரையிடம் பாடம் கற்ற காப்டன்

1902-ம் ஆண்டு. இத்தாலி நாட்டின் டூரின் நகரத்தில் சர்வதேசக் குதிரையேற்றப் போட்டி நடந்தது.

மைதானத்தில் ஒரு தடுப்பு நின்றது. அதன் உயரம் 2 மீட்டர் 8 சென்டிமீட்டர். நம் பழைய கணக்கில் ஏறக்குறைய 6 அடி 10 அங்குலம். நல்ல நெட்டையான ஆள் ஒருவர் அதன் பின்னால் போய் நின்றால் அவர் தலைகூட வெளியே தெரியாது!

மெலோப்போ என்ற குதிரை மீது ஒரு ராணுவ அதிகாரி வந்தார். குதிரை ஓடி வந்தது, எழும்பியது, தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை.

ஆனால், விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தது உயரத்தை அல்ல. அந்த அதிகாரி உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் பார்த்தார்கள். தாண்டும்போது அவர் சேணத்தில் உட்காரவே இல்லை. முன்னால் குனிந்திருந்தார். அவருடைய கைகள் குதிரையின் கழுத்தோடு சேர்ந்து முன்னே போயின. உலகத்துக் குதிரைப்படைகளில் எல்லாம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்களோ, அதைத்தான் அவர் செய்தார்.

அவர் பெயர் பெடரிகோ காப்ரில்லி.

பின்னால் சாய்ந்த உலகம்

காப்ரில்லி 1868-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி லிவோர்னோ என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே ராணுவப் பள்ளிக்குப் போய்விட்டார். பிறகு குதிரைப்படையில் அதிகாரியானார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள பினரோலோ என்ற ஊரில் ஒரு குதிரைப்படைப் பள்ளி இருந்தது. 1849-ல் ஏற்பட்ட பள்ளி அது. அங்கே அவரும் சவாரி படித்தார்.

அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

தடுப்பைத் தாண்டும்போது வீரன் கால்களை முன்னே நீட்ட வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். லகானைப் பிடித்து இழுத்துக் குதிரையின் தலையைத் தூக்க வேண்டும். அப்படிச் செய்தால் குதிரையின் முன்பக்கம் இலேசாகும். அது பின்னங்கால்களில் பாரத்தைத் தாங்கி மெதுவாக இறங்கும். முன்னங்கால்கள் முறியாமல் தப்பும் என்று நம்பினார்கள். பெரிய பெரிய ஆசான்கள் எல்லாம் இதையே சொன்னார்கள். பழைய ஆங்கில வேட்டைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். குதிரை பறக்கும், மேலே இருக்கும் துரை, சாய்வு நாற்காலியில் படுத்தது போலப் பின்னால் சாய்ந்திருப்பார்.

இதனால் குதிரைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாண்டுகிற நேரத்தில் வாயில் இரும்புக் கடிவாளம் வெடுக்கென்று இழுக்கும். முதுகில் மனிதன் தொப்பென்று விழுவான். இரண்டு முறை இப்படி வலி கண்ட குதிரை, மூன்றாம் முறை தடுப்பைக் கண்டாலே நின்றுவிடும். அடித்து ஓட்டினால் மிரளும். குதிரைக்குத் திமிர் என்றார்கள். பாவம், அதற்கு வாய் இருந்தது, பேச்சு இல்லை.

லாயத்தில் கிடைத்த விடை

காப்ரில்லி எளிய காரியம் ஒன்று செய்தார். ஆள் ஏறாத குதிரைகளைத் தடுப்புகளின் மேல் தாண்டவிட்டுப் பார்த்தார். போட்டோ படங்களையும் வைத்து ஆராய்ந்தார்.

அவர் கண்டது என்ன? தன் இஷ்டத்துக்குத் தாண்டும் குதிரை தலையைத் தூக்குவதே இல்லை. கழுத்தை நன்றாக முன்னே நீட்டித் தாழ்த்துகிறது. முதுகை வில் போல வளைக்கிறது. இறங்கும்போது முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. பின்னங்கால்களில் இறங்கும் குதிரையே கிடையாது!

அப்படியானால், ஆசான்கள் இத்தனை காலம் காப்பாற்றியது எதை? நடக்காத ஒரு காரியத்தை நடத்தப் போய், நடக்கிற காரியத்தைக் கெடுத்திருக்கிறார்கள்.

குதிரையின் உடம்பு அமைப்பைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். குதிரை சும்மா நிற்கும்போதே அதன் பாரத்தில் நூற்றுக்கு 60 பங்கு அளவுக்கு முன்னங்கால்களில்தான் இருக்கிறது. நமக்குத் தோளில் காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது இல்லை. அதன் முன்னங்கால்கள் உடம்போடு தசையாலும் நாராலும்தான் பிணைக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து இறங்கும் அதிர்ச்சியை அந்தத் தசை வாங்கிக்கொள்ளும். ஆனால் இடுப்புக்கு மேலுள்ள முதுகுப் பகுதிக்கு விலா எலும்பின் முட்டுக்கூட இல்லை. பின்னால் சாய்ந்த வீரனின் பாரம் அந்தப் பலவீனமான இடத்தை நோக்கித்தான் போகிறது.

நம் ஊர் வண்டிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டின் கழுத்தைப் பிடிக்கும். உடனே அவர் ஆட்களை முன்னே நகர்ந்து உட்காரச் சொல்லுவார். மூட்டை அதேதான், மாடும் அதேதான். பாரம் இருக்கும் இடம் மாறினால் மாட்டின் நடையே மாறிவிடுகிறது.

காப்ரில்லி சொன்னதும் இதைத்தான். அங்கவடியின் வாரைக் குட்டையாக்கு. முழங்கால் மடியட்டும். பாரம் முழங்காலிலும் பாதத்திலும் இறங்கட்டும். தாண்டும்போது சேணத்தைவிட்டுக் கொஞ்சம் எழுந்து முன்னே குனி. குதிரையின் வாய் எங்கே போகிறதோ, அங்கே உன் கை போகட்டும். லகானைப் பிடித்துத் தொங்காதே. குதிரை தன் வேலையைத் தானே செய்யும். நீ குறுக்கே நிற்காதே.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்வதுதான் கஷ்டம். பயம் வந்தால் மனிதன் பின்னால் சாய்வான்; கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான். அது இயற்கை. அந்தப் பயத்தை முதலில் தன் உடம்பில் கண்டுபிடித்து அடக்க வேண்டும். ஆகையால் காப்ரில்லியின் பாடத்தில் குதிரைக்குப் பயிற்சி பாதி என்றால், மனிதனுக்குப் பயிற்சி மறுபாதி.

எதிர்ப்பும் வெற்றியும்

புதிய முறையை மேலதிகாரிகள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. காப்ரில்லி தென் இத்தாலியில் இருந்த படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார். குதிரையேற்றத்துக்குப் பேர்போன பள்ளி வடக்கே. அவர் இருந்தது தெற்கே. வேறொருவராக இருந்தால் அதோடு ஓய்ந்திருப்பார். அவரோ, அங்கே தன் கீழ் இருந்த சாதாரணச் சிப்பாய்களுக்கே புதிய முறையைச் சொல்லிக் கொடுத்தார். என் எண்ணத்தில், டூரின் சாதனையைவிட இதுதான் பெரியது. தேர்ந்த அதிகாரி ஒருவர் உயரமாகத் தாண்டுவது அவருடைய திறமை என்று சொல்லிவிடலாம். நேற்று வந்த சிப்பாய், லாயத்துக் குதிரையில் பயமில்லாமல் தாண்டினால் அது முறையின் வெற்றிதானே!

1901-ல் குதிரைப்படைப் பத்திரிகை ஒன்றில் தன் கொள்கைகளைக் கட்டுரையாக எழுதினார். அவர் அதிகம் எழுதியவர் அல்லர். செய்து காட்டியவர்.

பிறகு காலம் மாறியது. எந்தப் பள்ளியின் பாடத்தை அவர் மறுத்தாரோ, அந்தப் பினரோலோப் பள்ளிக்கே ஆசிரியராக அழைக்கப்பட்டார். ரோம் நகரத்துக்கு அருகே தோர் தி குவிந்தோ என்ற இடத்தில் அந்தப் பள்ளியின் கிளை இருந்தது. அங்கே செங்குத்தான சரிவு ஒன்று உண்டு. பார்த்தாலே தலை சுற்றும். இத்தாலிய அதிகாரிகள் குதிரையோடு அதில் சறுக்கி இறங்குவார்கள். அப்போதும் பின்னால் சாயமாட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்து மற்ற நாட்டார் வாயில் விரலை வைத்தார்கள்.

இதே சமயத்தில் வேறொரு வேடிக்கையும் நடந்தது. டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கப் பந்தய ஜாக்கி 1897-ல் இங்கிலாந்துக்குப் போனார். குட்டை அங்கவடியில் குந்தியபடி, குதிரையின் கழுத்தருகே ஒட்டிக்கொண்டு சவாரி செய்தார். குச்சியில் ஏறிய குரங்கு என்று அவரைக் கேலி செய்தார்கள். அவர் ஜெயிக்கத் தொடங்கியதும் கேலி செய்தவர்களும் அப்படியே குந்தினார்கள்! அந்தக் காலத்தில் பந்தய நேரமே நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை குறைந்தது என்று 2009-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். குந்தியிருக்கும் ஜாக்கியின் முழங்கால்கள் வில்லுச் சுருள் போல வேலை செய்கின்றன. குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் மேலும் கீழுமாக ஆடினாலும், ஜாக்கி ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறார். அவரைத் தூக்கித் தூக்கிப் போடும் வேலை குதிரைக்கு மிச்சம்.

குதிரை ஏன் நொண்டுகிறது?

காப்ரில்லி கண்ணால் கண்டதை இப்போது கருவிகள் அளந்து காட்டுகின்றன. 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குதிரையின் மேல் சேணம் போட்டு 75 கிலோ ஈயத்தை ஏற்றி நடக்க விட்டார்கள். முதுகு கீழ்நோக்கிக் குழிந்தது. வெறும் பாரத்துக்கே இப்படி என்றால், அந்தப் பாரம் ஆடினால், குதித்தால், ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? ஒரு தொடையில் அழுத்தி உட்காரும் பழக்கம் உள்ளவரின் குதிரை, ஒரு பக்கமாகவே உழைத்துத் தேயும். குதிரை நொண்டுகிறது என்று காலைத் தடவிப் பார்ப்பார்கள். லாடத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள். கோளாறு சில சமயம் சேணத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

காப்ரில்லி சொன்ன எல்லாமே முடிந்த முடிவு அல்ல. பள்ளிக்கூடச் சவாரிக்கும் வெட்டவெளிச் சவாரிக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல அவர் நினைத்தார். இன்றைய ஆசிரியர்கள் இரண்டையும் கலந்துதான் கற்பிக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தாலும் குதிரையின் அசைவோடு இசைந்து போகிறவரைக் குதிரை நன்றாகவே சுமக்கும். ஆனால், தடுப்பைத் தாண்டும் அந்தக் கணத்தைப் பற்றி அவர் சொன்னதை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

நடைக் குதிரையில் வந்த மரணம்

1907-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி. இடம் டூரின் நகரம். தடுப்பு இல்லை, சரிவு இல்லை, பந்தயம் இல்லை. குதிரை நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து காப்ரில்லி விழுந்தார். தலையில் பலத்த அடி. உயிர் பிரிந்தது. வயது 39-தான்.

ஆனால் அவருடைய பாடம் நிற்கவில்லை. பல நாட்டு அதிகாரிகள் பினரோலோவைத் தேடி வந்தார்கள். பால் ரொட்சியாங்கோ என்ற ருஷ்ய அதிகாரி அங்கே கற்றுக்கொண்டு போனார். 1912, 1913, 1914 ஆகிய 3 ஆண்டுகளும் லண்டனில் நடந்த ஏழாம் எட்வர்டு மன்னர் கோப்பைப் போட்டியில் ருஷ்யர்களே ஜெயித்தார்கள். புரட்சிக்குப் பிறகு நாட்டை இழந்த ரொட்சியாங்கோ, 1928-ல் அயர்லாந்து ராணுவத்துக்குக் குதிரையேற்ற ஆசிரியரானார்.

காப்ரில்லி பிறந்த லிவோர்னோவில் உள்ள பந்தய மைதானத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

1920-ல் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. தடை தாண்டும் தனிப்போட்டியில் தங்கப் பதக்கமும் வெள்ளிப் பதக்கமும் இத்தாலிக்கே கிடைத்தன. தங்கம் வென்றவர் தொம்மாசோ லெக்கியோ, குதிரைப்படை அதிகாரி. முன்னே குனிந்து, லகானைத் தளரவிட்டுத்தான் அவரும் தாண்டினார். காப்ரில்லி இறந்தபோது அவருக்கு வயது 14.